கடுமை என்ற சொல்லைப் பற்றி, மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் பேசி வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. மேலாளரான பின் முதன்முறையாக ஆண்டு மதிப்பீடு எழுதுகிறாய். ஆறு பேரில் ஐந்து பேருக்கு எழுதி முடித்துவிட்டதாகவும், எஞ்சியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவதென்றுதான் விளங்கவில்லை என்றும் சொன்னாய். வேலையில் குறை சொல்ல முடியாது, வாடிக்கையாளர்களும் அவளைத்தான் கேட்கிறார்கள், ஆனால் பேச்சில் கடுமை இருக்கிறது, பதவி உயர்வு இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும் என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நேரில் பேசினால் நாம் இருவரும் வாதாடத் தொடங்கிவிடுவோம் என்பது ஒரு காரணம். நான் சொல்ல வேண்டியதில் என் குற்றமும் கலந்திருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

'கடுமை' என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது என்னுடைய அப்ரைசல் தாளில். வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'திறமையானவர், அணுகுமுறையில் கடுமை குறைய வேண்டும்' என்று என் மேலதிகாரி எழுதியிருந்தார். நானும் அதை நம்பி, அடுத்த ஆண்டு முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். மறுப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்டேன். தெரிந்த பதிலையும் கேள்வி போலச் சொன்னேன். அந்த ஆண்டின் தாளில் வந்த குறிப்பு: 'முடிவெடுப்பதில் தயக்கம் தெரிகிறது.' மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். பல ஆண்டுகள் கழித்து நானே மேலாளராகிப் பழைய கோப்புகள் என் பொறுப்பில் வந்தபோது, அதே காலத்தில் கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசிய சக ஊழியர் ஒருவருக்கு என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்த்தேன். 'உறுதியானவர்' என்றிருந்தது. எழுதியவரும் அதே மேலதிகாரிதான். அவர் கெட்ட மனிதர் அல்லர் என்பதை நீ நம்ப வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண்மணியின் வழக்கை நேரம் கிடைக்கும்போது படித்துப் பார். அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 1982-இல் அங்கே பங்குதாரராக, அதாவது நிறுவனத்தின் உரிமையில் பங்குபெறும் உயர்பதவிக்கு, முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். ஏற்கெனவே இருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் 7 பேர். அந்நாட்டு வெளியுறவுத் துறையிடமிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தை நிறுவனத்துக்குப் பெற்றுத் தந்ததில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆனால் பங்குதாரர்கள் எழுதி அனுப்பிய கருத்துகளில், அவர் ஆண்பிள்ளைத்தனமாக நடந்துகொள்வதாக ஒருவர் குறிப்பிட்டிருந்தார். நயமாகப் பழகக் கற்றுத்தரும் பயிற்சிக்கு அவரை அனுப்ப வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். முடிவு தள்ளிவைக்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்த அறிவுரை என்ன தெரியுமா? நடையிலும் பேச்சிலும் உடையிலும் இன்னும் பெண்மை வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், தலைமுடியைத் திருத்திக்கொள்ள வேண்டும், நகை அணிய வேண்டும். இதைச் சொன்னவர் அவருடைய எதிரி என்று நினைத்துவிடாதே. அவர் பங்குதாரராக வேண்டும் என்று ஆதரித்தவர்தான் இப்படிச் சொன்னார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பதவிக்கு முனைப்பான குணம் தேவை என்று வைத்துவிட்டு, அதே குணம் பெண்ணிடம் இருந்தால் குறை காண்பது அவளை எப்படியும் தப்ப முடியாத பொறிக்குள் நிறுத்துவதாகும், அதைச் சட்டம் அனுமதிக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. எனக்கு அந்த வழக்கில் மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஹாப்கின்ஸ் உடன் பணிபுரிந்த ஊழியர்களிடம் சில வேளைகளில் உண்மையிலேயே கடுமையாக நடந்துகொண்டார். அந்தப் புகார்களைப் பொய் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை. அப்படியிருந்தும், அந்தக் கடுமையை எடைபோட்ட தராசு ஆண்களுக்கும் அவருக்கும் ஒன்றாக இருந்ததா என்று கேட்டது. உன்னிடம் நான் கேட்பதும் அதுதான். உன் குழுவில் உள்ள பெண் கடுமையானவளாகவே இருக்கலாம். பெண் என்பதற்காக அவளிடம் சலுகை காட்டு என்று நான் சொல்ல வரவில்லை; அப்படி ஒரு சலுகையை அவளும் விரும்பமாட்டாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நான் மேலாளராகி நான்காவது ஆண்டில், என்னிடம் பணிபுரிந்த ஓர் இளம்பெண்ணுக்கு, 'கூட்டங்களில் பணிவு தேவை' என்று எழுதினேன். என் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்து அவ்வளவு வருந்தியவள், கைகூசாமல் அதையே வேறொரு பெயரில் எழுதினேன். தாளைக் கையில் வாங்கியவள், எந்தக் கூட்டத்தில், யாரிடம், என்ன சொன்னேன் என்று ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று அமைதியாகக் கேட்டாள். என்னால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆண்டு முழுவதும் அவளுடன் ஒரே அறையில் அமர்ந்திருந்தும் என்னிடம் இருந்தது ஓர் எண்ணம் மட்டுமே. சில மாதங்களில் அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். விடைபெறும்போது நல்லபடியாகத்தான் பேசினாள். அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

வர்ஜீனியா ஷைன் என்ற ஆய்வாளர் 1973-இல் ஆண் மேலாளர்களிடம், பொதுவாக ஆண், பொதுவாகப் பெண், வெற்றிகரமான மேலாளர் என்று தனித்தனியே விவரிக்கச் சொன்னபோது, மேலாளரைப் பற்றிச் சொன்ன குணங்கள் ஆணைப் பற்றிச் சொன்னவற்றோடுதான் பெரிதும் ஒத்துப்போயின. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெண் மேலாளர்களிடம் கேட்டார். அவர்களும் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பேச்சினிடையே நீ சொன்ன இன்னொன்றும் என் காதில் விழுந்தது. கூட்டக் குறிப்புகளை எழுதுவது, புதிதாகச் சேர்பவர்களுக்கு வேலை சொல்லித்தருவது, விடைபெறுவோருக்கான ஏற்பாடுகளைக் கவனிப்பது எல்லாம் அவள்தான் என்றும், யாரும் கேட்காமலே அவளாக முன்வந்து செய்கிறாள் என்றும் பெருமையோடு சொன்னாய். அவளாக முன்வருகிறாள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசி. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூன்று பேர் கொண்ட குழுக்களை அமைத்து, இரண்டு நிமிடங்களுக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். அழுத்தினால் எல்லோருக்கும் ஆதாயம், ஆனால் அழுத்தியவருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள் 48 விழுக்காடு கூடுதலாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்கள் தாமாகவே அழுத்தினார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு இல்லை. பெண் ஒருத்தி அறையில் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு அவளுக்கும் தெரிகிறது. அவள் செலவிட்ட அந்த நேரம் உன் மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டத்தில் ஏறப்போகிறது என்று பார்த்தாயா? என் காலத்தில் அதற்குக் கட்டமே இல்லை. உன் தாளிலும் இல்லையென்றால், அடுத்த மாதத்திலிருந்து கூட்டக் குறிப்பை ஆறு பேரும் முறைவைத்து எழுதட்டும். முதல் முறை உன்னுடையதாக இருக்கட்டும்.

குழந்தைப்பேற்றைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எழுதினால் உன்னைக் குறைசொல்வது போல ஆகிவிடும். நீ பிறந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, நான் தொடங்கிய திட்டம் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. 'உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான்' என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதே ஆண்டு தந்தையான உன் அப்பாவிடமிருந்து எவரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் குழுவில் யாராவது விடுப்பிலிருந்து திரும்பினால், அவருக்கு எது சிரமம் என்று நீ முடிவு செய்யாதே, கேட்டுத் தெரிந்துகொள்.

தாளை அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றாய். ஆறு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. குணத்தைச் சொல்லும் சொல் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் அதை அடித்துவிட்டு நிகழ்ச்சியை எழுது: எந்த நாள், என்ன பேச்சு, அதனால் என்ன விளைந்தது. எழுத நிகழ்ச்சி அகப்படாவிட்டால் அந்த வரி இருக்க வேண்டியதில்லை. இதை அவளுக்கு மட்டும் செய்யாதே. ஐந்து பேருடைய 'உறுதி', 'தலைமைப் பண்பு' எல்லாவற்றுக்கும் செய். சிலவற்றுக்கு உன்னால் நிகழ்ச்சி சொல்ல முடியாமல் போகலாம். அதை அவர்களிடம் ஒப்புக்கொள்வது இன்னும் கடினமாக இருக்கும்.

அவளுடைய கடுமைக்கு நீ ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாய் என்பதை மறக்கவில்லை. எல்லோரும் இருந்த கூட்டத்தில், நீ குறித்த தேதிக்குள் இந்த வேலை முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகச் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் இன்னும் சூடு இருந்தது. அந்தத் தேதிக்குள் வேலை முடிந்ததா இல்லையா என்பதை மட்டும் நீ சொல்லவில்லை, கண்ணா. எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா