கூட்டுக் கிணறும் பர்மாச் சண்டையும்

கோவில்பட்டி,
12 ஆகஸ்ட்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை, நான் ஊரிலேயே இல்லை. மகள் எங்கள் இரண்டு பேரையும் இலங்கைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு நாள். முட்டி வலிக்கு அங்கிருந்து ஒரு தைலம் வாங்கி வந்திருக்கிறேன். வாசனையைப் பார்த்தால் வலி தானாக ஓடிவிடும் போலிருக்கிறது. உனக்கும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் உன் பேரன் அமெரிக்கப் படையோடு கூட்டுப் பயிற்சிக்குப் போய்வந்ததை எழுதிவிட்டு, "கூட்டாளி ராணுவம் என்பதெல்லாம் போட்டோவுக்குத்தான்டா, உள்ளுக்குள் ஒருத்தனுக்கொருத்தன் ஆகாது" என்று முடித்திருந்தாய். ராணுவப் பொறியாளர் படையான சாப்பர்ஸில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்வதை மறுக்க எனக்கு என்ன தகுதி? ஆனால் கண்டியில் ஒரு நாள் முழுக்க உன்னோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தேன்.

பேராதனைப் பூங்காவை நீ பார்த்ததில்லை. மகாவலி வளைந்து ஓடுகிற கரையில் ராட்சத மூங்கில், மரத்துக்கு மரம் தலைகீழாகத் தொங்கும் வௌவால். அப்புறம் ஒரு நாகலிங்க மரம், பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர் 1901இல் வந்து நட்டது. என் வீட்டம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து குடிவைத்தது அந்தப் பூங்காவில்தான். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்து பர்மாவை மீட்கத் திட்டம் போட்ட இடம். பின்னாளில் டி.வி.யில் பிரெஞ்சு சமையல் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய ஜூலியா சைல்ட், அப்போது கண்டியில் அமெரிக்க உளவுப் பிரிவின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உனக்குத் தேவையில்லாத தகவல். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரே கூரையே தவிர ஒரே எண்ணம் கிடையாது. தலைமையகத்தின் சுருக்கப் பெயர் எஸ்.ஈ.ஏ.சி. அமெரிக்கர்கள் அதற்கு விரிவு சொன்னது, "இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று" என்று. ஆங்கிலத்தில் அந்த நாலு எழுத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை. அமெரிக்கருக்கு வேண்டியது சீனாவுக்கு ஒரு பாதை. அஸ்ஸாமில் லேடோவிலிருந்து மலையைக் குடைந்து ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் வேலை செய்த அமெரிக்கப் படையினரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சர்ச்சிலோ அந்த ரோடு முடிவதற்குள் அதன் தேவையே முடிந்துவிடும் என்றார். அவர் கண் சிங்கப்பூர் மேலும் சுமத்ரா மேலும் இருந்தது. ஒரே வண்டி, ஒரு மாடு கிழக்கே இழுக்கிறது, இன்னொன்று தெற்கே.

இதற்கு நடுவில் அமெரிக்க ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல். 'வினிகர் ஜோ' என்றுதான் பேர். நாக்கு அவ்வளவு புளிப்பு. மவுண்ட்பேட்டனுக்கு அடுத்த இடத்தில் துணைத் தளபதி, சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக்குக்கு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்', வட பர்மாவில் சீனப் படைகளை நடத்துகிறவர், எல்லாம் ஒரே ஆள். பிரிட்டிஷார் பேரைச் சொன்னாலே முகம் சுளிப்பார். டயரியில் அவர்களை 'லைமி' என்றே எழுதினார், பிரிட்டிஷாரை அமெரிக்கர் இளக்காரமாகச் சொல்லும் பேர் அது. 1944 மே 17இல் அவருடைய படை மிச்சினா விமானத் தளத்தைப் பிடித்த அன்று எழுதிய வரி, "லைமிகளுக்கு வயிறு எரியும்!" எரிந்ததும் உண்மைதான். அமெரிக்கர்கள் இவ்வளவு அழகாக மிச்சினாவில் போய் இறங்கியது எப்படி என்று மவுண்ட்பேட்டனைக் கேட்டு எழுதினார் சர்ச்சில். கண்டியில் மவுண்ட்பேட்டன் இல்லாதபோது பொறுப்புத் தளபதியாக வந்து உட்கார்ந்த ஸ்டில்வெல், அவருடைய பெரிய காரில் ஏறாமல் ஜீப்பிலேயே போய்வந்தார். நம் ஊர் மாமனார் வீட்டு விருந்தில் தன் டம்ளரிலேயே தண்ணீர் குடிக்கும் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது எனக்கு.

இப்படிப்பட்டவரை பிரிட்டிஷ் தரைப்படைத் தளபதி ஜெனரல் ஜிஃபர்டுக்குக் கீழே போடப் பார்த்தார்கள். முடியாது என்றுவிட்டார். துணைத் தளபதி என்ற முறையில் ஜிஃபர்டை விட அவர் மேலே, படை நடத்துகிறவர் என்ற முறையில் கீழே. கூட்டத்தில் மணிக்கணக்காக இழுபறி. கடைசியில் எழுந்து சொன்னார்: "கமெயிங் போய்ச் சேரும்வரை ஜெனரல் ஸ்லிம்மின் கட்டளைக்குக் கீழே வரத் தயார்." எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் பிரிட்டிஷாரின் பதினான்காவது படைக்குத் தளபதியான ஸ்லிம்மே ஜிஃபர்டுக்குக் கீழே இருந்தவர். மேலதிகாரிக்கு அடங்க மாட்டேன், அவருக்குக் கீழே இருப்பவருக்கு அடங்குவேன் என்பது எந்த ஊர் நியாயம்? மவுண்ட்பேட்டன் புத்திசாலி, சரி என்றுவிட்டார். ஏற்பாடு நடந்தது. ஸ்டில்வெல் ஸ்லிம்முக்கு சல்யூட் வைத்தார்.

ஏன் ஸ்லிம் மட்டும்? 1942 மேயை நினைத்துப் பார். ஜப்பானியர் துரத்தத் துரத்த, ஸ்லிம் தன் படையை இழுத்துக்கொண்டு சுமார் 900 மைல் பின்வாங்கி இந்திய எல்லைக்கு வந்து சேர்ந்தார். அதே நாட்களில் ஸ்டில்வெல், அறுபதை நெருங்கும் வயசில், நூற்றுச் சொச்சம் பேரைக் காட்டு வழியே நடத்திக்கொண்டு இம்பாலுக்கு வந்தார். டெல்லியில் பத்திரிகைக்காரர்களிடம், "செம அடி வாங்கினோம், அவமானமாக இருக்கிறது" என்று பூசி மெழுகாமல் சொன்னார். இரண்டு பேரும் ஒரே அடியை வாங்கியவர்கள். பளபளப்பான கமிட்டிக்காரர்களிடம் காட்டிய வீறாப்பை ஸ்லிம்மிடம் ஸ்டில்வெல் காட்டவில்லை. சுற்றி ஆள் இருந்தால் வினிகர் ஜோ, தனியாக உட்கார்ந்தால் வேறு மனிதர் என்று ஸ்லிம் பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தப் புளிப்பில் பாதி நடிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உன் அப்பா பர்மாவில் இருந்த காலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "டகோட்டா வந்தால் மூட்டை விழும், ஒதுங்கு" என்பது மட்டும்தான் அடிக்கடி சொல்வார், பிள்ளைகள் கிணற்றுமேட்டில் விளையாடினால்கூட. அந்த டகோட்டா சரக்கு விமானங்களில் பல அமெரிக்க விமானிகளுடையவை. 1944 மார்ச்சில் இம்பாலை ஜப்பானியர் சூழ்ந்தபோது, சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோக ஒதுக்கியிருந்த அமெரிக்க விமானங்களை மவுண்ட்பேட்டன் மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் எடுத்துக்கொண்டார். ஐந்தாவது இந்திய டிவிஷன் பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து அப்படியே பறந்துபோய் இறங்கியது. அமெரிக்கர் முணுமுணுத்தார்கள், ஆனால் விமானம் ஓட்டினார்கள்.

அடுத்து, டிசம்பர் 10. இம்பால் தலைமையகத்தில் ஸ்லிம் விடியற்காலையில் கண் விழிக்கிறார். தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் தாழப் பறந்து போகின்றன. சத்தம் நிற்கவே இல்லை. மூன்று அமெரிக்க ஸ்குவாட்ரன், 75 டகோட்டா, சீனாவில் நெருக்கடி என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் பர்மாவின் இராவதி ஆற்றைத் தாண்டத் திட்டம் போட்டு, மூட்டைக் கணக்கெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நம் கூட்டுக் கிணற்றில் உன் பெரியப்பா ராத்திரியோடு ராத்திரியாக மோட்டாரைப் போட்டு எங்கள் முறைத் தண்ணீரை இழுத்துக்கொண்டாரே, விடிகாலையில் காய்ந்த வாய்க்காலைப் பார்த்து எங்கப்பா நின்றாரே, அதே நிலைமைதான். நியாயமாகப் பார்த்தால் அமெரிக்கர் விமானம், அமெரிக்கர் முறை. உன் பெரியப்பாவும் அன்றைக்கு அப்படித்தான் ஏதோ கணக்குச் சொன்னார்.

இந்தப் பிணக்கு சும்மா வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஸ்டில்வெல்லிடம் அமெரிக்கக் காலாட்படை என்று இருந்தது மெரில் தலைமையில் சுமார் 3,000 பேர். அவர்கள் நோயில் விழுந்து கிடந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்தால் சீனரையும், ஜப்பானியருக்குப் பின்னால் காட்டுக்குள் புகுந்து சண்டை போட்ட பிரிட்டிஷ் சிண்டிட்களையும் எந்த முகத்தோடு நிற்கச் சொல்வது? ஆகவே யாரையும் விடவில்லை. 'என் ஆள் நிற்கிறான், உன் ஆளும் நிற்கட்டும்.' கடைசியில் சிண்டிட்களின் 111-வது பிரிகேடை டாக்டர்கள் பரிசோதித்தபோது 2,200 பேரில் உடம்பு தகுதியாக இருந்தவர்கள் 118. இதற்கு ஸ்டில்வெல்லை நான் மன்னிக்கத் தயாரில்லை. மெரிலின் ஆட்களும் அவரை மன்னிக்கவில்லை.

இனி நீ சிரிக்கிற இடம். சிண்டிட்களின் இன்னொரு பிரிகேட் 77-வது, தளபதி மைக்கேல் கால்வர்ட். ஜூன் மழையில், இடுப்பளவு சேற்றில் கிடந்து மொகாங் ஊரைப் பிடித்தார்கள். சீனப் படை ஒன்று கடைசியில் வந்து சேர்ந்துகொண்டது. கூர்க்காக்களில் துல் பகதூர் புன், உடன் வந்தவர்கள் எல்லாரும் விழுந்த பிறகும் பிரென் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தனியே ஓடி விக்டோரியா கிராஸ் வாங்கினார். அவ்வளவு பாடுபட்டுவிட்டு ரேடியோவைத் திருப்பினால், மொகாங்கைச் சீன-அமெரிக்கப் படை பிடித்துவிட்டதாக பி.பி.சி. செய்தி! கால்வர்ட் தலைமையகத்துக்கு ஒரு தந்தி அடித்தார்: அமெரிக்கர்கள் மொகாங்கைப் பிடித்துவிட்டார்கள், 77-வது பிரிகேட் 'அம்ப்ரேஜ்' பிடிக்கப் புறப்படுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கோபித்துக்கொள்வது என்று அர்த்தம். தமிழில் அவருக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்: அவர்கள் ஊரைப் பிடித்தார்கள், நாங்கள் அடம் பிடிக்கிறோம்! ஸ்டில்வெல்லின் ஆட்கள் அம்ப்ரேஜ் என்ற ஊரை மேப்பில் தேடினார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிறகு ஸ்டில்வெல் கூப்பிட்டுவிட்டார். கால்வர்ட் போய் நிற்கிறார். சுற்றி அமெரிக்க அதிகாரிகள். "ரொம்பக் காரமான தந்தியெல்லாம் அனுப்புகிறீர் கால்வர்ட்" என்றார் ஸ்டில்வெல். இவர் அசரவில்லை: "என் பிரிகேட் மேஜர் அனுப்பவிடாமல் நிறுத்தி வைத்ததை நீங்கள் பார்க்க வேண்டும்." கிழவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அதற்கப்புறம் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டார். கால்வர்ட் சொல்லச் சொல்ல, இதெல்லாம் எனக்கு ஏன் சொல்லப்படவில்லை என்று தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். கால்வர்ட்டுக்கு அமெரிக்க சில்வர் ஸ்டார் பதக்கம் கிடைத்தது. மெச்சி ஒரு கடிதம் போட்டிருந்தால்கூட இவ்வளவு மரியாதை வந்திருக்காது, அந்தத் தந்தியால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

எல்லாம் இப்படி உரசலாகவே போகவில்லை. ஸ்டில்வெல்லின் முனையைப் பார்க்கப் போன மவுண்ட்பேட்டனுக்கு, ஜீப் சக்கரத்தில் தெறித்த மூங்கில் கண்ணில் அடித்துவிட்டது. பார்வையைக் காப்பாற்றியது லேடோ ஆஸ்பத்திரியில் இருந்த அமெரிக்கக் கண் டாக்டர் ஹெரால்டு ஷீ. திருகோணமலைத் துறைமுகத்தில் வேறொரு கூத்து. பிரிட்டிஷ் கடற்படையோடு சேர அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 'சரடோகா' வந்திருந்தது. 1944 ஏப்ரல் 19இல் 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலோடு சேர்ந்து, சுமத்ரா பக்கம் ஜப்பானியர் கையில் இருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கினார்கள். கடலில் விழுந்த அமெரிக்க விமானி ஒருவரை, கரையிலிருந்து பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று மேலே வந்து தூக்கிக்கொண்டது. மே மாதம் சரடோகா விடைபெற்றபோது பிரிட்டிஷ் கப்பல்கள் வரிசை கட்டின, இரண்டு பக்கமும் மாலுமிகள் தளத்தில் நின்று ஆரவாரம் செய்தார்கள். நான் திருகோணமலைக் கோட்டையிலிருந்து அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அங்கே ஒரு ஐஸ்கிரீம் வண்டியும் நாலு மான்களும்தான்.

கடைசியாக ஒன்று. சிண்டிட் படையை உருவாக்கிய விங்கேட் 1944 மார்ச் 24இல் விமான விபத்தில் மணிப்பூர் மலையில் இறந்தார். விமானம் அமெரிக்கருடையது, ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள், பயணிகள் பிரிட்டிஷார். எரிந்ததில் யாருடைய எலும்பு எது என்று பிரிக்க முடியவில்லை. அதனால் எல்லாரையும் ஒன்றாகவே 1950இல் வாஷிங்டன் பக்கத்து ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். விங்கேட்டின் குடும்பத்தார் கல்லறைக்குப் போக வேண்டுமென்றால் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்.

சரி, ரொம்ப நீட்டிவிட்டேன். உன் அப்பா ஆணி போட்டு வைத்திருப்பாரே, மேலே இங்கிலீஷ் எழுத்து பதிந்த தகரப்பெட்டி, அது அமெரிக்கன் டப்பா என்று நீ ஒரு தரம் சொன்ன ஞாபகம். இன்னும் இருக்கிறதா? இருந்தால் பேரனிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எழுத்து தெரிகிற மாதிரி எடுக்கட்டும், துருவைத் தேய்க்க வேண்டாம்.

கிணற்றில் இப்போது பதினைந்து அடி தண்ணீர் கிடக்கிறது. உன் பெரியப்பா மகன் நேற்று வந்து, முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஐப்பசிக்கு முன்னால் வா. தைலம் காத்திருக்கிறது.

உன்,
வேலு