ஒரு விரல் போச்சு, பாப்பா

பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியிலேயே "சரி வைம்மா" என்று வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் நான் வீடியோவில் வரவில்லையே, சிக்னல் இல்லை என்று உங்கம்மா சொன்னது பொய். ஆஸ்பத்திரியில் இருந்தேன். வலது காலில் இரண்டாவது விரலை எடுத்தாகிவிட்டது. அம்மாவைத் திட்டாதே, பொய் சொல்லச் சொன்னது நான்தான்.

செருப்பில் ஆணி ஏறியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை. வீடு துடைக்கும்போது தரையில் பொட்டுப் பொட்டாகக் கறையைப் பார்த்து, குங்குமம் சிந்திவிட்டது என்றுதான் அம்மா முதலில் நினைத்திருக்கிறாள். பதினேழு வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்பெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்காததால் மஞ்சள் பற்றுப் போட்டேன், மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் பத்து நாள் விழுங்கினேன், நடுவில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து வந்தேன். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து நாற்றமடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. சர்க்கரை அன்றைக்கு 340.

டாக்டர் மழுங்கலான ஒரு கம்பியைப் புண் ஓட்டைக்குள் மெதுவாக விட்டார். கல்லில் முட்டினதுபோல் நின்றது. எலும்பு தட்டுது என்றார். எக்ஸ்ரேயிலும் எலும்பு அரித்திருந்தது. ஊசி மருந்திலேயே சரிபண்ணக் கூடாதா என்று நான் ஒரே வாதம். எலும்பில் மட்டும் கிருமி இருந்து ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆறு வாரம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், அறுக்காமலே ஆறியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்களுக்குச் சீழ் கட்டி விரலே செத்துவிட்டது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பாதத்துக்கு ரத்த ஓட்டம் பரவாயில்லை, அறுத்த இடம் ஆறிவிடும் என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

மேலே வழிந்த சீழை டெஸ்டுக்கு அனுப்பவில்லை, அதில் தோலில் இருக்கிற கண்ட கிருமியும் வருமாம். ஆபரேஷனில் உள்ளிருந்து சதையும் எலும்புத் துண்டும் எடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் ஊசி மருந்தை மாற்றினார்கள். நான் காசு கொடுத்து விழுங்கின மாத்திரை அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று அதில் இருந்தது! கெட்ட எலும்பு முழுதும் போய்விட்டதால் பத்து நாளோடு மருந்து முடிந்தது. இன்சுலின் மட்டும் தொடர்கிறது, அதை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), வீட்டுக்குள்ளேயும். போடுவதற்கு முன்னால் தலைகீழாகத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன். ராத்திரி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, பொங்கலுக்கு வந்தால் போதும். வரும்போது காட்டன் சாக்ஸ் நாலு ஜோடி வாங்கி வா, மேலே எலாஸ்டிக் இறுக்காததாக. கறுப்பு வேண்டாம், வெள்ளை. ரத்தம் பட்டால் தெரியும்.

அப்பா