மோட்டார் வைண்டிங் பட்டறையாளர் சங்கம், கோவை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பட்டறை உரிமையாளர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செப்புக் கம்பி விலை குறித்த மனுவை மீண்டும் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தது ஒரு பழைய மோட்டார். ஆடி மாதத்தில் சூலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அதை நம் உறுப்பினரின் பட்டறையில் இறக்கினார். கனத்த வார்ப்பிரும்பு உடல்; தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரைத் திறந்தால் உள்ளே பருத்தி நூல் சுற்றிய செப்புக் கம்பி! எனாமல் பூசிய கம்பியை மட்டுமே தொட்டுப் பழகிய பையன் ஒருவன் விரலால் தடவிப் பார்த்தான். கருகிய நூல் பொடியாக உதிர்ந்தது. "இது எந்தக் காலத்து மோட்டார் அண்ணா?" என்று கேட்டான். நாங்கள் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தியது. இந்தத் தொழிலால் சோறு உண்ணும் நமக்கு, நம் ஊரில் மோட்டார் பிறந்த கதை தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் மூன்று மாதக் கூட்டங்களில் கடைசி அரை மணி நேரத்தை ஜி.டி. நாயுடு தொடங்கிய யு.எம்.எஸ். பஸ் நிறுவனத்தின் வரலாற்றுக்கு ஒதுக்கினோம். கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவர்தான். பஸ்கள் பெருகப் பெருக, அவற்றைப் பழுது பார்க்கும் வேலையும் பெருகியது. கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவருடைய படிப்பு.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மலையிறங்கி வந்ததும் கோவையில் நூற்பாலைகள் வேகமாகப் பெருகின. கவலையில் மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளுக்கும் மோட்டார் வேண்டியிருந்தது. அந்நாளில் மோட்டார்கள் கப்பலேறித்தான் வந்தன. இந்த நிலையில், 1937இல் பீளமேட்டிலிருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் பட்டறையில், ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் நூற்பாலை இயந்திரங்கள் செய்த டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் பொருத்திய சவரக் கருவியும் ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புதான். அவ்வளவு சின்ன மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது எத்தகைய கை வேலை என்பது நமக்குத் தெரியும்.

இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மோட்டார் செய்யத் துணிந்தவர்கள், முதலில் பழுது பார்த்தவர்கள். பிரித்த கைதான் பிறகு செய்தது. நம்முடைய பட்டறைகளும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

அதே சமயம் ஒரு வருத்தமும் உண்டு. பழைய மோட்டார்களை நாம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். செம்பு தனி, இரும்பு தனி என்று போய்விட்டால், எந்தக் காலத்தில் எத்தனை சுற்று சுற்றினார்கள், கம்பி அமரும் பள்ளமான ஸ்லாட்டில் என்ன வைத்து மின்காப்பு செய்தார்கள் என்பதை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே கார்த்திகைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: நூல் கம்பி மோட்டார் எது வந்தாலும், சுற்றிய கம்பிக் கட்டான காயிலை வெட்டுவதற்கு முன் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, சங்கப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.

சூலூர் விவசாயி தன் மோட்டாரைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார், அவருக்கு நன்றி. அது இப்போது அலுவலகத்தின் சன்னலோரம் இருக்கிறது. ஒரு காயிலை அறுபடாமல் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதன் அளவுகளை எழுதியவன், அன்று கேள்வி கேட்ட அந்தப் பையன்.