‘ரிப்போர்ட் நார்மல்’ என்றபின் நோயாளி எங்கே போவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் நான். பரிசோதனைகளில் கோளாறு எதுவும் தெரியாமலேயே வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் குடல் எரிச்சல் நோய்க்குறி எனப்படும் ஐ.பி.எஸ். உள்ளவர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதற்கு அவர்களுடைய பதற்றம் மட்டுமே காரணமன்று. இன்ன நோய் என்று தொடக்கத்திலேயே விளக்கிச் சொல்ல ஆளில்லாததும் காரணம்.

‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்படுபவர், வலி நிற்காததால் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவரையும் பிறகு புதுச்சேரியில் வேறொருவரையும் பார்க்கிறார். பேருந்தில் மலம் கழிக்கும் அவசரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் காலைத் தேநீரைக்கூடத் தொடாமல் கிளம்புகிறார். போன இடமெல்லாம் ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் முதலிலிருந்து தொடங்குகின்றன. என் கடைக்கு வரும் சீட்டுகளிலோ அதே அமிலக் குறைப்பு மாத்திரையும், தொற்று உறுதியாகாமலேயே எழுதிய ஆன்டிபயாடிக்கும். (சீட்டில்லாமல் கேட்பவர்களும், கொடுக்கும் கடைகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.)

ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் பித்தப்பைக் கல் இன்னொரு சிக்கல். தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆயினும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குப் பித்தப்பை அகற்றப்படுவது மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குடலிலிருந்து வரும் வலி அதனால் தீர்வதில்லை.

பன்னாட்டுக் குடல்நோய் வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் 4 வரையறைப்படி, தொல்லை தொடங்கி 6 மாதங்களாகி, கடைசி 3 மாதங்களில் வாரம் 1 நாளாவது வயிற்று வலி இருந்து, அவ்வலி மலம் கழிப்பது, கழிக்கும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகியவற்றில் இரண்டோடாவது தொடர்புற்றிருந்தால் இந்நோயை அடையாளம் காணலாம். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவை இருந்தால் கொலோனோஸ்கோபியை (பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையை) தள்ளிப்போடக் கூடாது. இவை இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குச் சில இரத்த, மலப் பரிசோதனைகளே போதும்.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி அளிக்க வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை மாநில அரசின் கீழும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசின் கீழும் இயங்குவதால், ஓரிடத்துப் பதிவு மற்ற இடத்தில் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. செய்த பரிசோதனை, தேதி, முடிவு, மருத்துவர் சொன்ன நோயின் பெயர் ஆகியவை அடங்கிய ஒரே குறிப்பேட்டை நோயாளியின் கையிலேயே கொடுத்து, அதைப் பார்த்த பிறகே அடுத்த பரிசோதனைக்கு எழுதும் நடைமுறையைச் சுகாதாரத் துறை கொண்டுவர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.