திருகோணமலை நெல் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் ஆலை உரிமையாளர்களுக்கு,

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களில் சிறிய, நடுத்தர நெல் ஆலை நடத்தும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆலைக் களஞ்சியங்களில் வேலை செய்தவன் நான். புது இயந்திரத்துக்குக் கடன் எடுக்குமுன் இருப்புக் கணக்கையும் ஆலை ஓட்டும் திட்டத்தையும் சரிசெய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நமக்கு நெல் வருவது பெரும்போகத்துக்கு ஒரு தடவை, சிறுபோகத்துக்கு ஒரு தடவை. அரிசி விற்பதோ பன்னிரண்டு மாதமும். இடைப்பட்ட காலம் முழுக்க உங்கள் பணம் மூடைகளாக அடுக்கிக் கிடக்கிறது, பலருக்கு வங்கி வட்டியோடு. அப்படியிருந்தும் எந்த ரகம், எத்தனை மூடை, எப்போது வந்தது என்று கேட்டால் பதில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு எடுத்தால் வேலை தடுமாறுகிறது.

என்னை மிகவும் வருத்துவது நிறைக்குறைவு விஷயம். வாங்கிய நிறையும் பிறகு நிறுத்த நிறையும் ஒத்துவராவிட்டால் உடனே களஞ்சியத்தில் நிற்கும் பெடியன்கள் மேல் சந்தேகம் விழுகிறது. கணக்கைப் பாருங்கள். 20 சதவீத ஈரப்பதனுடன் வந்த 1000 கிலோ நெல்லில் 200 கிலோ தண்ணீர். சேமிக்க ஏற்ற 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் அதே நெல் ஏறக்குறைய 930 கிலோதான் நிற்கும். மிச்சம் 70 கிலோவும் வெயிலில் போன தண்ணீர். அதற்காக ஒரு தொழிலாளியின் முகத்தைப் பார்த்துக் கள்ளன் என்று சொல்வது பெரிய அநியாயம். வாங்கும்போதே ஈரப்பதனை அளந்து, திகதி, ரகம், நிறையோடு ஒரு மட்டையில் எழுதி அந்த அடுக்கிலேயே தொங்கவிடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு மூடையும் அதில் கழிய வேண்டும். உண்மையிலேயே களவு நடந்தாலும் அந்த மட்டை காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், கதவுக்குக் கிட்ட இருக்கும் அடுக்கை முதலில் குற்றுகிற பழக்கம். உள்ளே கிடக்கும் பழைய நெல்லைப் பூச்சி பிடித்த பிறகுதான் தேடுகிறோம். முதலில் வந்தது முதலில் போக வேண்டுமென்றால் அடுக்கும்போதே நடைவழி விட வேண்டும்.

எதைக் குற்றுவது என்பதைக் கடைக்காரர் தொலைபேசி எடுத்த பிறகு தீர்மானிக்காதீர்கள். காலையில் சம்பா, மத்தியானம் நாட்டரிசி என்று மாற்றினால் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தைத் துப்புரவாக்க நேரம் போகும், துப்புரவாக்காவிட்டால் ரகம் கலந்துவிடும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இருந்து அடுத்த வாரத்து ஓடர்களை ரகவாரியாகச் சேர்த்துப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் களத்தில் காயவைக்க வழியில்லை, ஆகவே புழுங்கல் வேலையை அதற்கு முன்பே கூட்ட வேண்டும். நோன்புக் கஞ்சிக்கான கேள்வியும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். போன வருடத்துக் கலண்டரை நம்பினால் கணக்குப் பிழைத்துவிடும்.

உதிரிப்பாகமும் இருப்புத்தான். மாதத்துக்கு உமி நீக்கும் ரப்பர் ரோல் இரண்டு சோடி தேய்கிறது, கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளைக்கு ஒரு சோடி, பாதை வெள்ளத்தில் மறிபட்டால் இன்னொரு சோடி. ஆகவே கையில் இரண்டு சோடி இருக்கும்போதே ஓடர் போக வேண்டும். 2022இல் சாமான் தட்டுப்பாட்டில் பட்ட பாட்டை நினைத்து எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். எது நின்றால் ஆலை நிற்குமோ, அதற்கு மட்டும் இந்தக் கணக்கு போதும்.

இதற்குக் கணினி தேவையில்லை. மட்டைகள், ஒரு கொப்பி, ஈரப்பதன்மானி போதும். அடுத்த அறுவடை லொறி வாசலுக்கு வருமுன் பழைய இருப்பை ஒரு தடவை முழுக்க எண்ணி எழுதுங்கள். களஞ்சியம் பார்ப்பவரைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பக்கத்தில் இருத்துங்கள். இந்த அடுக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதையே எடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர்,
தம்பலகாமம்