லைட்டைப் போடு, லைட்டாச் சாப்பிடு

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து நீயே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தைரியத்தில் மூலையில் கிடந்த அகராதிகளைத் தூசி தட்டி மேசைமேல் பரப்பியிருக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

உன் பேத்தி கேட்ட கேள்வியை நான் ரொம்ப ரசித்தேன். "லைட்டைப் போடு என்கிறோம், ராத்திரி லைட்டாச் சாப்பிட்டேன் என்கிறோம். ரெண்டும் ஒரே லைட்டா தாத்தா?" நீயும், வெளிச்சத்துக்கு எடை கிடையாது, அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று சமாளித்துவிட்டாயாம். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். வேர் வேறு, வழி வேறு, பழைய ஆங்கிலத்திலேயே உருவம் மட்டும் ஒன்றாகிப்போனது. ஜெர்மன்காரர்கள் இன்றும் வெளிச்சத்தை லிஷ்ட் என்றும் எடை குறைந்ததை லைஷ்ட் என்றும் பிரித்தே சொல்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லையே. ஒளி என்றால் வெளிச்சம், 'ஓடிப்போய் ஒளி' என்றால் மறைந்துகொள்!

வெளிச்சத்து லைட்டை முதலில் பார்ப்போம். ஐரோப்பிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான ஒரு மூதாதை மொழி இருந்தது. அதன் எழுத்துச் சான்று எதுவும் இல்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதை மீட்டெடுக்கிறார்கள். அதில் 'லெயுக்' என்பது போன்ற ஒரு வேர். பிரகாசிப்பது என்று பொருள். லத்தீனில் அது லக்ஸ் ஆனது, லூமென் ஆனது. எல்இடி பல்பு அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் அதே லூமென்தான். நிலாவுக்கு லூனா என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். நிலா முற்ற முற்றப் பித்தும் முற்றும் என்று அந்தக் காலத்தில் நம்பியதால், பைத்தியத்துக்கு லூனடிக் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பரிதாபமாகப் படுவது லூசிஃபர்தான். வெளிச்சத்தைக் கொண்டுவருபவன் என்று பொருள். ரோமானியர்கள் விடிவெள்ளிக்கு வைத்த பெயர் அது. லத்தீன் பைபிளின் ஏசாயா நூலில், வீழ்ந்துபோன பாபிலோன் ராஜாவை வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்று ஏளனம் செய்யும் ஓர் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. பின்னால் வந்தவர்கள் அதைச் சாத்தானின் பெயராகவே படித்துவிட்டார்கள். விடியலை அறிவிக்கும் வெள்ளி நரகத்துக்குப் போன கதை இது. கிரேக்கத்தில் அதே வேர் வெண்மையைக் குறிக்கும் லியூகோஸ் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ அதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு லுக்கேமியா என்று பெயர் வைத்தார். வெள்ளை ரத்தம் என்று அர்த்தம்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். சமஸ்கிருதத்தில் ல என்ற ஒலி பல இடங்களில் ர ஆகிவிடும். லெயுக் அங்கே 'ருச்' ஆனது. அதிலிருந்து பிறந்ததுதான் ருசி. ஆமாம், நாம் குழம்பில் பார்க்கும் ருசியேதான்! முதலில் அதற்கு ஒளி, பிரகாசம் என்றுதான் பொருள். 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்பதைச் சமஸ்கிருதத்தில், எனக்கு இது ஒளிர்கிறது என்ற மாதிரி சொல்வார்கள். கண்ணுக்கு ஒளிர்ந்தது மனசுக்குப் பிடித்ததாகி, கடைசியில் நாக்குக்குப் பிடித்ததாக வந்து நின்றது. பொன்னைக் குறிக்கும் ருக்மமும் அதே வேர்தான். ருக்மணியும், லக்ஸிலிருந்து வந்த லூசி என்ற பெயரும் தூரத்துப் பங்காளிகள் என்று உன் பேத்தியிடம் சொல்லிப் பார், சிரிப்பாள். சுலோசனா என்ற பெயரில் கண்ணைக் குறிக்கும் லோசனமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

லோகமும் அப்படித்தான். ஆதியில் அது திறந்த இடம், வெட்டவெளி. அதற்கு உறவான லத்தீன் சொல் ஒன்று காட்டுக்குள் இருக்கும் தோப்பைக் குறித்தது. அதற்கும் முதலில் காட்டின் நடுவே இருக்கும் வெட்டவெளி என்றுதான் பொருளாம். அடர்ந்த காட்டில் மரமில்லாத இடத்தில்தானே வெயில் தரையில் விழும்? தமிழுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நம் ஆட்களும் வெளியிலிருந்துதானே வெளிச்சத்தை எடுத்தார்கள்! இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, எடை குறைந்த லைட்டுக்கு வருவோம். இதன் வேர் தனி. சமஸ்கிருதத்தில் லகு என்று வந்தது. நாம் அதை இலகு ஆக்கிக்கொண்டோம். 'இலகுவான வேலை' என்று சொல்லும்போது ஆங்கில லைட்டின் பெரியப்பா மகனைத்தான் கூப்பிடுகிறோம். நுரையீரலுக்கு ஆங்கிலத்தில் லங் என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்துதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும் உறுப்பு அது. கறிக்கடைப் பேச்சில் ஆட்டு நுரையீரலுக்கு லைட்ஸ் என்றே பெயர் இருந்தது. நாம் நுரையைப் பார்த்தோம், அவர்கள் எடையைப் பார்த்தார்கள். அப்புறம், வேதகால சமஸ்கிருதத்தில் லகுவுக்கு ரகு என்று ஒரு வடிவம் உண்டு. வேகமானவன், விரைந்து செல்பவன் என்று பொருள். ரகு வம்சத்தில் வந்தவன் ராகவன். ஆக, நீ வெளிச்ச லைட் இல்லை, கனமில்லாத லைட். உன் எடையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆங்கில லைட்டின் எழுத்தில் இருந்துகொண்டு வாயில் வராத அந்த 'ஜி, எச்' ஏன் என்றும் கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் அது ஒலித்தது. தொண்டைக்குள்ளிருந்து காற்றோடு வரும் ஒலி, கிட்டத்தட்ட நம் அஃதில் வரும் ஆய்தம் மாதிரி. ஆங்கிலேயர்கள் நாளடைவில் ஒலியை விட்டுவிட்டார்கள், எழுத்தை விடவில்லை. ஸ்காட்லாந்து வட்டாரப் பேச்சில் இன்றும் லிஃட் என்பது போல அந்தக் காற்று கேட்கும். மகிழ்ச்சியைக் குறிக்கும் டிலைட் இருக்கிறதே, அது வெறும் வேஷம். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். முன்பு அதற்கு இந்த எழுத்துகள் கிடையாது. 16ஆம் நூற்றாண்டுவாக்கில் லைட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது.

ஒன்று மட்டும் பேத்திக்குத் தெளிவாகச் சொல்லிவிடு. ருசியிலிருந்து லைட் வரவில்லை, லைட்டிலிருந்து ருசியும் வரவில்லை. இரண்டும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள். நீதிபதியாக வந்து சமஸ்கிருதம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் இந்த உறவை எடுத்துப் பேசி இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் எதிலிருந்து எது வந்தது என்று மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பிரைட் என்ற சொல்லைப் பற்றி இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. அதற்கும் வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரத்துக்கும், வடக்கே ஓலைக்குப் பதிலாக எழுதப் பயன்பட்ட பூர்ஜ பத்திரத்துக்கும் உறவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறு.

அன்புடன்,
உன் சீனு