பூட்டிக் கிடந்த மண்டபத்தைத் திறந்து தந்தவர்களுக்கு நன்றி

மட்டக்களப்பு மாநகர சபையின் கௌரவ முதல்வர், உறுப்பினர்கள், உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கும், கல்லடிப் பகுதியில் எம்மோடு தோள்கொடுத்து நின்ற அனைவருக்கும் எமது சனசமூக நிலையத்தின் வணக்கமும் நன்றியும்.

2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்ட எமது மண்டபம், கூரைத் தகடுகள் பெயர்ந்து மின்னிணைப்பும் துண்டிக்கப்பட்ட நிலையில், சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடந்தது. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் சிலர் அதன் பின்சுவரோரம் இருட்டில் கூடுவதைக் கண்டும் காணாதவர்களாகவே நாம் இருந்தோம். முற்றம் கூட்டப் போன தாயொருவர் கருகிய வெள்ளித்தாள் துண்டுகளைச் சேலைத் தலைப்பில் பொறுக்கிவந்து எமது மேசையில் கொட்டிய அன்றுதான், வெள்ளித்தாளில் சூடாக்கிப் புகைக்கும் 'ஐஸ்' என்ற போதைப்பொருள் எமது ஒழுங்கைக்குள்ளும் வந்துவிட்டதை ஒப்புக்கொண்டோம்.

பாதீட்டு விவாதத்தில் எமது மனுவை முன்வைத்த உறுப்பினருக்கு முதல் நன்றி. இருக்கிற சிறிய தொகையை விழிப்புணர்வு ஊர்வலத்திற்கும் பதாகைகளுக்கும் ஒதுக்குவதா, மண்டபத்தைத் திருத்துவதற்கு ஒதுக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, ஊர்வலம் ஒரு காலைப்பொழுதில் கலைந்துவிடும், பிள்ளைக்கு ஒவ்வொரு மாலையும் போவதற்கு ஓரிடம் வேண்டும் என்று அவர் நிதானமாக எடுத்துரைத்தார். அதே அளவு நன்றி, மண்டபத்தைத் திறந்தால் அதுவே போதைப்பொருள் பாவிப்பவர்கள் கூடும் இடமாகிவிடாதா என்று எதிர்த்துக் கேட்ட உறுப்பினருக்கும் உரியது. அன்று எமக்கு அது வலித்தது. ஆனால் நியாயமான கேள்வி. திறந்திருக்கும் நேரம் முழுவதும் பெரியவர்கள் இருவர் முறைவைத்து அங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அந்த நிபந்தனை இல்லாமல் இந்த மண்டபம் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்பதே எமது எண்ணம்.

பெற்றோர் கூட்டத்திற்குக் கட்டணமின்றி வந்து பேசிய சட்டத்தரணியை நாம் மறக்க முடியாது. 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்க 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது என்று கூறியவர், தேநீருக்கு வைத்திருந்த சீனியில் ஒரு சிறு கரண்டி அள்ளி, "ஏறக்குறைய இவ்வளவுதான், அம்மா" என்று எல்லோருக்கும் காட்டினார். அதன்பின் அந்தக் கூட்டத்தில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிடித்துக் கொடுப்பதற்கு முன்னரே பேச ஓரிடம் உண்டென்று, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை ஒவ்வொரு தாயின் கைபேசியிலும் பதியச் செய்த உளவளத்துணையாளருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மேலும், அளவெடுக்க வந்து ஞாயிற்றுக்கிழமையிலும் கூரையேறிப் பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், கூலி வாங்க மறுத்த மின்னிணைப்பாளர், கரம் பலகையும் வலைப்பந்து வலையும் தந்த கடைக்காரர்கள், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கலாகாது என்ற சட்டத்தை இனித் தவறாமல் கடைப்பிடிப்பதாக எமக்கு வாக்களித்த சந்தி வியாபாரிகள் ஆகிய அனைவருக்கும் நன்றி. மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை வாசிப்பு மேசையருகே அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எமக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்றே அழைக்கிறார்கள். வராத பிள்ளையின் வீட்டிற்கு மறுநாள் அவரே நடந்துபோய் விசாரிக்கிறார்.

இறுதியாக, வெள்ளித்தாளைக் கொண்டுவந்து கொட்டிய அந்தத் தாய்க்கு. தமது மகனும் அந்தச் சுவரோரம் இருந்தவன்தான் என்பதை அறிந்தே அவர் அதைச் செய்தார். மகன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை, அம்மா. மண்டபத்தின் முதற்சாவியை உங்களிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
நிருவாகக் குழுவினர்,
சனசமூக நிலையம், கல்லடி, மட்டக்களப்பு.